அழைப்பும் மறுமொழியும்

தம்பானூரில் குடியிருப்பவனுக்குக் கைக்கடிகாரம் ஓர் அணிகலனே அன்றி அவசியப் பொருள் அன்று. விடியற்காலையில் நாகர்கோவில் பக்கம் புறப்படும் வண்டியின் ஊதல் அவனை எழுப்பிவிடும். இரவில் கடைசிப் பேருந்தின் உறுமல் அவனை உறங்கச் சொல்லும். வள்ளியூருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, விஞ்ஞானத்தில் முதுநிலைப் படிப்பை நாடி இந்நகருக்கு வந்தவன் நான். புகைவண்டி நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்தின் மாடியறையில், தமிழ் மாணவர் இருவரோடு தங்கியிருக்கிறேன். 1931ஆம் ஆண்டில் மீட்டர் பாதை நிலையமாகத் தம்பானூரில் எழுந்தது இந்நிலையம். 1979இல் நாகர்கோவில் பாதை திறக்கப்பட்ட பின்னரே எங்கள் பக்கத்துத் தமிழர் நேரே வண்டியேறி இங்கு வந்திறங்க முடிந்தது. அவ்வழியே வந்து சேர்ந்தவர்களில் கடைக்குட்டி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு பெரியவர் வசிக்கிறார். இரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலையில் நான் மேசைமீது விரித்து வைத்திருந்த மின்சுற்றுப் படத்தைப் பார்த்து, "இது என்ன தம்பி, படிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஒரு கணிப்பொறி இன்னொரு கணிப்பொறியைக் கம்பி வழியே எப்படி அழைக்கிறது என்பதைப் படிக்கிறேன், ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "இதுக்குப் பெரிய படிப்பா? நாங்க முப்பது வருஷம் மணியடிச்சு நடத்தினது இதைத்தானே!" என்றார். முதலில் அதனை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினேன். அவர் விளக்கிய பின்னர்தான் என் பாடநூல் எனக்கு விளங்கியது. அவர் வாயிலாக நான் கற்றதை நம் மன்றத்து நண்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைய அதிபரின் மணி

இரு நிலையங்களுக்கு நடுவே ஒரே ஒரு பாதை மட்டும் இருக்கிறதெனக் கொள்வோம். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரவேண்டும். ஆயினும் ஒரே சமயத்தில் இரண்டு வண்டிகள் அப்பாதையில் புகுந்துவிடக் கூடாது. புகுந்தால் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. எனவே இரு நிலையங்களிலும் கம்பியால் பிணைக்கப்பட்ட இரு கருவிகள் வைக்கப்பட்டன. ஒருவர் தட்டினால் மற்றவர் அறையில் மணி ஒலிக்கும். ஒரு தட்டு என்றால் 'கவனியுங்கள்' என்று பொருள். இரண்டு தட்டு 'வழி காலியா?' என்ற கேள்வி; மூன்று தட்டு 'வண்டி பாதைக்குள் புகுந்துவிட்டது'; நான்கு தட்டு 'வண்டி பாதையை விட்டு வெளியேறிவிட்டது'. ஐந்து தட்டினால் முன்பு சொன்னதை நீக்கிக்கொள்ளல். ஆறு தட்டினால் அபாயம்.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் எதிர்முனையிலிருந்து மறுமணி வரவேண்டும் என்பதிலே. மேலும், நம் நாட்டின் ஒற்றைப் பாதைகள் பலவற்றில் அமைந்த கருவிகளுக்குள் இரும்புப் பந்துகள் அடைக்கப்பட்டிருக்கும். எதிர்முனை அதிபர் தம் கருவியை இயக்கி இசைவு தந்தாலன்றி இம்முனையில் பந்து வெளியே வராது. அப்பந்து கையில் கிடைத்தாலன்றி ஓட்டுநர் வண்டியைக் கிளப்ப மாட்டார். "மறுமணி வராத மணி, அடிக்காத மணி, தம்பி. எதிர்ல இருக்கவரு தூங்கிட்டாரா, கம்பி அறுந்து போச்சா, நமக்குத் தெரியாது. தெரியலைன்னா வண்டி நிக்கணும்" என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அதன் விரிவுரையே.

ஒரே கம்பியில் ஒழுங்கு எப்படி?

கணிப்பொறிக்குள்ளே ஓர் எழுத்து என்பது எட்டு பிட்டுகள். அதாவது, சுன்னம் அல்லது ஒன்று என்னும் எட்டுக் குறிகள். பொறிக்குள்ளே இவை எட்டுக் கம்பிகளில் அருகருகே செல்லும். ஊர்விட்டு ஊர் செல்லும்போது எட்டுக் கம்பி போடுவார் யார்? ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டும். அருகருகே நிற்பவரை வரிசையில் நிறுத்தி அனுப்புவதும், வரிசையில் வருபவரை மறுமுனையில் மீண்டும் அருகருகே நிறுத்துவதும் தொடர்நிலைச் செய்திக் கட்டுப்பாட்டுச் சில்லின் முதல் வேலை.

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில், ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே 'இதோ தொடங்குகிறேன்' என்று ஒரு பிட்டும், பின்னே 'முடிந்தது' என்று ஒரு பிட்டும் சேர்க்கப்படும். எட்டுக்குப் பத்து செலவாகும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் வணக்கம் சொல்லுவதிலேயே போய்விடும். இரண்டாம் முறை ஒத்திசைவு முறை. இரு முனைகளும் ஒரே தாளத்தில் துடிக்கும்; எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. பாடகரும் மிருதங்கக்காரரும் ஒரே தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் 'தொடங்கலாமா?' என்று கேட்க வேண்டியதில்லை அன்றோ? அதுபோல என்க.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இடைவெளியின்றி ஓடும் பிட்டு வெள்ளத்தில் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எவ்வாறு அறிவது? அதற்கென ஒரு கொடி ஏற்படுத்தினார்கள். சுன்னம், ஆறு ஒன்றுகள், மீண்டும் சுன்னம்: 01111110. இதுவே கொடி. இரு கொடிகளுக்கு நடுவே வருவது ஒரு சட்டகம். இம்முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1970களின் நடுவில் எஸ்.டி.எல்.சி. என்ற பெயரில் கையாண்டது. பின்னர் உலகத் தர நிறுவனம் எச்.டி.எல்.சி. என்ற பெயரில் அதனைப் பொதுவுடைமை ஆக்கியது.

'செய்திக்குள்ளேயே அந்தக் கொடியின் வடிவம் தற்செயலாக வந்துவிட்டால்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அனுப்பும் சில்லு, செய்திக்குள் ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தவுடனே, கேட்காமலே ஒரு சுன்னத்தைத் திணித்துவிடும். 01111110 என்ற எழுத்து 011111010 என்று மாறிப் போகும். பெறும் சில்லு, ஐந்து ஒன்றுகளுக்குப் பின்னர் வரும் சுன்னத்தை எடுத்து எறிந்துவிடும். ஆதலால் ஆறு ஒன்றுகள் சேர்ந்து வந்து சுன்னத்தில் முடிந்தால் அது கொடியேதான்; ஏழு அல்லது அதற்கு மேல் வந்தால், 'இந்தச் செய்தியைக் கைவிட்டேன்' என்று பொருள்.

சில்லின் திறமை

இவ்வேலைகளை எல்லாம் செய்வதற்கென 1980களின் தொடக்கத்தில் வந்த சில்லுகளில் புகழ் பெற்றது ஸைலாக் நிறுவனத்தின் 8530. 40 கால்கள் உடையது. உள்ளே ஒன்றையொன்று சாராத இரு வழிகள். 1984இல் வெளிவந்த முதல் மெக்கிண்டாஷ் கணிப்பொறிக்குள்ளும் இது அமர்ந்திருந்தது. கொடியைக் கட்டுவது, கொடிக்காகக் காத்திருந்து வேட்டையாடுவது, சுன்னம் திணிப்பது, நீக்குவது, வந்த அலையிலிருந்தே தாளத்தைக் கண்டுபிடிப்பது, பிழை பார்ப்பது ஆகியவை அனைத்தும் இதற்குக் கைவந்த கலை.

பிழை பார்க்கும் முறையைச் சற்று நோக்குவோம். நம் பாட்டன்மார் பெருக்கல் கணக்கைச் சரிபார்க்க ஒன்பது ஒன்பதாகக் கழித்து மீதி காண்பார்கள். சில்லும் அதையே செய்கிறது. சட்டகம் முழுவதையும் ஒரு பேரெண்ணாகக் கொண்டு, முன்பே ஒப்புக்கொண்ட வகுஎண்ணால் ஒருவகையாக வகுத்து, 16 பிட் மீதியை இறுதியில் சேர்த்து அனுப்புகிறது. பெறுகிறவரும் வகுத்துப் பார்க்கிறார். மீதி ஒத்துவரவில்லையெனின் சட்டகம் கெட்டது என்று தள்ளப்படும். தொடர்ந்து 16 பிட்டுகள் வரை சிதைந்தாலும் இம்முறை தவறாமல் கண்டுபிடித்துவிடும்.

இத்தனை வேலையையும் கணிப்பொறியின் மையச் செயலியே செய்தால் என்ன? நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வர ஆகும் நேரம் சுமார் 0.83 மில்லி நொடி. ஒவ்வொரு பிட்டையும் செயலியே எண்ணிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு வேலை செய்ய நேரமிராது. 8530 சில்லு தன்னிடம் வந்த எழுத்துகளில் மூன்றைச் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே செயலிக்கு ஏறக்குறைய 2.5 மில்லி நொடி ஓய்வு கிடைக்கும். வேகம் 64,000 ஆனால் அந்த ஓய்வு 0.375 மில்லி நொடியாகக் குறைந்துவிடும்.

அனுப்பும் பக்கத்தில் இன்னும் கூர்மையான ஒரு செய்தி உண்டு. செயலி அடுத்த எழுத்தைத் தராமல் தாமதித்தால், சில்லு அந்த மௌனத்தை 'செய்தி முடிந்தது' என்று பொருள்கொண்டு, மீதியையும் கொடியையும் சேர்த்துச் சட்டகத்தை மூடிவிடும். பாதிச் செய்தி முழுச் செய்தியின் வேடத்தில் போய்ச் சேரும். மீதியும் சரியாகவே இருக்கும்! இதனைத் தவிர்க்க, செய்தி நடுவில் இருக்கும்வரை 'மௌனம் வந்தால் கைவிட்டதாகச் சொல்' என்று சில்லுக்குக் கட்டளையிட்டு வைத்து, கடைசி எழுத்துக்குச் சற்று முன்னர் அக்கட்டளையை மாற்றுவது விவரமறிந்தோர் வழக்கம். மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவன் ஏமாந்துபோவான் என்பதற்கு இதுவே சான்று.

சில்லு அறியாத ஒன்று

இவ்வளவு கெட்டிக்காரச் சில்லுக்கு 'அழைப்பு' என்றால் என்னவென்று தெரியாது என்று சொன்னால் வியப்பாயிருக்கும். உண்மை அதுவே. சில்லு காப்பது செய்தியின் வடிவத்தை. உடன்பாட்டைக் காப்பது செயலியில் ஓடும் நிரல். தபால்காரர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே கல்யாணச் செய்தியா, கடன் செய்தியா என்பது அவர் பொறுப்பன்று.

அழைப்பில் மூன்று படிகள் உள்ளன. முதற்படி, தொலைபேசி வழியே எதிர்முனையை அடைவது. இதற்கு 1980களில் வி.25 பிஸ் என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. கணிப்பொறி, 'நான் ஆயத்தம்' என்று ஒரு கம்பியை உயர்த்துகிறது. மோடம் 'அனுப்பலாம்' என்று வேறொரு கம்பியை உயர்த்துகிறது. உடனே கணிப்பொறி, முன் சொன்ன கொடிகளுக்கு நடுவிலேயே, 'சி.ஆர்.என்.' என்ற மூன்றெழுத்தையும் அழைக்கவேண்டிய எண்ணையும் வைத்து அனுப்புகிறது. கட்டளை சரியெனில் மோடத்திடமிருந்து 'வி.ஏ.எல்.' என்று விடை வரும், பிழையெனில் 'ஐ.என்.வி.' என்று வரும். அழைத்தும் கிடைக்கவில்லையெனில் 'சி.எஃப்.ஐ.' என்ற விடையோடு காரணமும் வரும். எதிர்முனை வேறு பேச்சில் இருந்தால் 'ஈ.டி.', எதிர்முனை மோடத்தின் விடையொலி கேட்கவில்லையெனில் 'என்.டி.' இவ்வாறு. தோல்வியைக்கூடப் பெயர் சொல்லி அறிவிக்கும் இவ்வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரண்டாம் படி, வழி கிடைத்த பின்னர் இரு கணிப்பொறிகளும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்வது. ஒன்று 'எஸ்.ஏ.பி.எம்.' என்னும் சட்டகத்தை அனுப்பும். 'எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவோம், சம்மதமா?' என்பது அதன் கருத்து. மற்றது 'யூ.ஏ.' என்று இசைவு தரவேண்டும். இசைவு வராவிடில் குறித்த நேரம் காத்திருந்து மீண்டும் கேட்கும். குறித்த முறை கேட்டும் வராவிடில் இணைப்பு இல்லையென்று முடிவு செய்யும்.

மூன்றாம் படி, 1976இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட எக்ஸ்.25 என்னும் நெறிமுறையில் வருவது. ஒரே கம்பியில் பலருடைய பேச்சுகள் கலந்து செல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் குறித்து 'அழைப்பு வேண்டுகோள்' போகும். மறுமுனையில் அது 'வந்த அழைப்பு' என்று தோன்றும். அங்கிருந்து 'அழைப்பு ஏற்கப்பட்டது' என்று திரும்பும். இங்கே அது 'இணைப்பு ஏற்பட்டது' என்று வந்து சேரும். நான்கும் நிகழ்ந்த பின்னரே ஒரு சொல் பேசலாம். பேச்சு முடிந்தால் சொல்லாமல் எழுந்து போவதும் இல்லை. விடை கேட்டு, விடை பெற்றே பிரிவார்கள்.

இராம காதையில் அனுமன் கணையாழியோடு போனான், சூடாமணியோடு திரும்பினான். கணையாழி போய்ச் சேர்ந்ததற்குச் சூடாமணியே சாட்சி. போவது மட்டும் தூதாகாது. திரும்புவதும் சேர்ந்ததே தூது.

நம் நாட்டில்

இவையெல்லாம் மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 1986இல் நடுவணரசின் மின்னணுத் துறை எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையைத் தொடங்கியபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் நுட்ப மையமும், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.களும் அதில் சேர்ந்தன. முதலில் தொலைபேசி எண்ணை அழைத்தே கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். 1991 ஜனவரியில் டில்லிக்கும் பம்பாய்க்கும் நடுவே நொடிக்கு 9,600 பிட் செல்லும் தனிக் குத்தகைக் கம்பி போடப்பட்டது. இன்று நம் கையிலுள்ள கருவி ஒரு நிழற்படத்தை இமைப்பொழுதில் அனுப்புகிறது. அந்த வேகத்தில் அது போய்ச் சேர நெடுநேரமாகும். ஆயினும் அதைக் கொண்டே நம் முன்னோடிகள் உலகத்தோடு பேசினார்கள்.

தம்பானூர் நிலையத்தில் முன்பதிவுச் சீட்டு வாங்கும்போதும் இவ்வுடன்பாட்டின் அருமையை நினைக்கலாம். 1985இல் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1994இல் செகந்திராபாத்தில் 'கன்செர்ட்' என்ற புதிய முறை அமைந்து, 1999இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாய் இணைந்தன. ஓர் ஊர்ச் சாளரத்திலிருந்து வேறூர் வண்டிக்குச் சீட்டு எடுக்க முடிகிறதென்றால், கேட்டதும் கொடுத்ததும் இரு முனைகளிலும் ஒன்றாகவே எழுதப்பட வேண்டும். ஒரு முனை 'கொடுத்தேன்' என்றும் மறுமுனை 'கேட்கவில்லை' என்றும் இருந்துவிட்டால் ஒரே படுக்கைக்கு இருவர் வந்து நிற்பார்கள்.

என் பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற பருவத்தில், ஆய்வுக்கூடத்துப் பழம்பொருள் அலமாரியில் கிடந்த 8530 சில்லுப் பலகைகள் இரண்டை எடுத்து, அவற்றிடையே நான் முன்னே சொன்ன இரண்டாம் படியை நிகழ்த்திக் காட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. எளிய வேலை என்றே எண்ணினேன். மூன்று மாலைகள் கழிந்தன. முதற் பலகை 'சம்மதமா?' என்று கேட்கிறது, விடை இல்லை. மூன்று நொடி காத்திருந்து மறுபடி கேட்கிறது, விடை இல்லை. பத்து முறை கேட்டுவிட்டு 'எதிர்முனை இல்லை' என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

எதிர்ப் பலகை பழுதென்று முடிவு கட்டினேன். அதனைக் கழற்றி, துடைத்து, சில்லையும் மாற்றினேன். பயனில்லை. ஆய்வுக்கூட உதவியாளரான மலையாள அண்ணன் ஒருவர், நாங்கள் 'சேட்டா' என்று அழைப்பவர், அலைகாட்டும் கருவியைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார். அங்கே நான் கண்டது என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்ப் பலகை உடனுக்குடன், பிசகில்லாமல், 'யூ.ஏ.' என்று விடை சொல்லிக்கொண்டிருந்தது! பத்து முறையும் சொல்லியிருந்தது. கேளாதவன் நானே.

காரணம் இதுதான். 8530 சில்லில் ஒரு வசதி உண்டு: 'இந்த முகவரிக்கு வரும் சட்டகங்களை மட்டும் கொடு, பிறவற்றை எனக்குத் தெரிவிக்கவே வேண்டாம்' என்று ஒரே ஒரு பிட்டால் கட்டளையிடலாம். பலர் ஒரே கம்பியில் இருக்கும்போது அது நல்ல வசதி. என் பலகையின் முகவரி 3. எதிர்ப் பலகையின் முகவரி 1. எனக்கு வரும் கடிதத்தில் என் முகவரிதானே இருக்கும் என்று எண்ணி, 3 வந்தால் மட்டும் கொடு என்று சொல்லிவைத்தேன். ஆனால் இந்நெறிமுறையின் வழக்கு வேறு. கேள்வியில் கேட்கப்படுபவர் முகவரி இருக்கும். விடையிலோ விடை சொல்பவர் தம் முகவரியையே இடுவார். ஆகவே எனக்கு வந்த விடைகள் அனைத்தும் 1 என்ற முகவரி தாங்கி வந்தன. என் வாயிற்காவலன் அவற்றை வாசலிலேயே தள்ளிவிட்டான். தள்ளியதை எனக்குச் சொல்லவும் இல்லை, ஏனெனில் சொல்ல வேண்டாமென்று நானே கட்டளையிட்டிருந்தேன். அந்த ஒரு பிட்டை மாற்றினேன். முகவரி பார்க்கும் வேலையை நிரலிடம் ஒப்படைத்தேன். முதல் கேள்விக்கே இணைப்பு ஏற்பட்டது.

சேட்டன் மகிழ்ந்து தேநீர் வாங்கித் தந்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஏனெனில் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது.

ஒரு நாள் மாலை, ஊரில் என் தந்தையார் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அம்மா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். கைபேசியை வீட்டிலேயே மறந்துவிட்டு, உடன் வந்த அண்டை வீட்டாரின் கைபேசியிலிருந்து என்னை அழைத்திருக்கிறார். விளம்பரக்காரர் தொல்லை தாங்காமல், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்கக் கூடாது என்று என் கருவிக்கு நான் கட்டளையிட்டிருந்தேன். மறுநாள் காலைதான் செய்தி தெரிந்தது. "நாலு தரம் அடிச்சேன்யா. மணி போச்சு, நீ எடுக்கல. பரீட்சையா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. குறை சொல்லவில்லை, குறை சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருந்துகொண்டு, அவ்விரவு முழுவதும் அவரை மருத்துவமனைத் திண்ணையில் தனியே உட்கார வைத்தேன். அன்று நெட்வொர்க் சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் எதிர்ப் பலகையைப் பழுதென்று கழற்றினேனே, அதே கதை. பழுது எதிர்முனையிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

இன்று எஞ்சியிருப்பது

அந்தப் பழைய நெறிமுறைகள் பல ஓய்ந்துவிட்டன. 1978இல் எக்ஸ்.25ஐக் கொண்டு தொடங்கிய பிரான்சு நாட்டின் 'டிரான்ஸ்பாக்' வலை, 2012 ஜூன் 30ஆம் நாள் மூடப்பட்டது. ஸைலாக்கின் பெயரை உலகறியச் செய்த இஸட்-80 செயலிக்குக்கூட, 2024 ஜூன் மாதத்தோடு புதிய ஆணைகள் ஏற்பது நின்றது.

ஆயினும் கருத்து ஓயவில்லை. 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள், 'நான் இன்ன கப்பல், இங்கே இருக்கிறேன்' என்று வானொலியில் அறிவித்துக்கொண்டே வருகின்றன. அந்த அறிவிப்பின் இருபுறமும் இருப்பது அதே 01111110 கொடிதான். திணிக்கப்படும் சுன்னமும் அதே. வேகமும் நொடிக்கு 9,600 பிட்டுதான். அங்கே அழைப்பு இல்லை, மறுமொழி இல்லை. எல்லோருக்கும் பொதுவான முழக்கம். ஆதலால்தான் அதனைச் சில நொடிக்கோ சில நிமிடத்துக்கோ ஒரு முறை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாறாக, நம் கைபேசிகளில் நான்காம் தலைமுறை வலை வழியே பேசும்போது 'வா' என்ற அழைப்பும், 'மணி ஒலிக்கிறது' என்ற விடையும், 'சரி' என்ற இசைவும், 'பெற்றேன்' என்ற உறுதியும் மாறி மாறிச் செல்கின்றன. நிலைய அதிபரின் மணியும் மறுமணியும் வேறு உடை உடுத்தி உலவுகின்றன, அவ்வளவே.

விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சில்லு என்று அலமாரியில் கிடப்பவற்றை இகழாமல் ஒரு முறை எடுத்து இயக்கிப் பாருங்கள். புதிய கருவிகளில் மூடியிட்டு மறைக்கப்பட்டவை அங்கே திறந்து கிடக்கின்றன. விஞ்ஞானம் பயிலாத நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஊரைவிட்டு வந்து இந்நகரில் படிக்கும் நம்மில் பலருக்கும் ஒரு கம்பியின் மறுமுனையில் யாரோ காத்திருக்கிறார்கள். விடை வரவில்லையென்றால் எதிர்முனையைச் சந்தேகிப்பதற்கு முன்னர், நம் வாயிற்காவலனுக்கு நாம் என்ன கட்டளையிட்டிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.

என் கைபேசியில் அக்கட்டளையை நீக்கிவிட்டேன். நாளொன்றுக்கு ஐந்தாறு விளம்பரக்காரர்கள் அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 'வேண்டாம்' என்று மறுமொழி சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதுதான் தம்பி முறை. 'இல்லை'ங்கிறதும் ஒரு மறுமணிதானே!" என்றார். அப்போது நிலையத்தில் நாகர்கோவில் வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது.